அரசாங்கம் காசு கொடுக்குதும்மா

தபால் ஆபீஸ் கவுண்டருக்குப் பின்னால் முப்பத்தாறு வருஷம் உட்கார்ந்தவளுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். எதிரே நிற்பவர் எதைக் கேட்டாலும் உடனே, உறுதியான குரலில் பதில் சொல்லிவிடுவேன். தயங்கினால் வரிசை நீளும், பின்னால் இருப்பவர் முணுமுணுப்பார். ஓய்வு பெற்றும் அந்தக் குரல் என்னை விடவில்லை. அந்தக் குரலில் 2017ஆம் ஆண்டு நான் சொன்ன ஒரு வாக்கியம்தான் இத்தனை வருஷம் கழித்து இதை எழுத வைக்கிறது.

ஓய்வு பெற்ற அடுத்த வருஷம் எங்கள் தாலுகா கோர்ட்டில் சட்டத் தன்னார்வலராகச் சேர்ந்தேன். வராண்டாவின் கோடியில் ஒரு சின்ன அறை. மேலே ‘வட்ட சட்டப் பணிகள் குழு’ என்று பலகை. உள்ளே ஒரு மர மேசை, இரண்டு நாற்காலி, ஒரு இரும்பு அலமாரி. வாரத்தில் சில நாள் உட்கார வேண்டும். வருபவர் சொல்வதைக் கேட்டு மனு எழுதித் தர வேண்டும், யாரிடம் போக வேண்டும் என்று கைகாட்ட வேண்டும். உட்காரும் நாளுக்குச் சில நூறு ரூபாய் மதிப்பூதியம். எனக்குப் பென்ஷன் இருந்ததால் அது ஆட்டோவுக்கும் டீக்கும் போனது.

அங்கேதான் அவள் வந்தாள். இங்கே செல்வி என்று வைத்துக்கொள்வோம். நூற்பு மில்லில் ஷிப்ட் வேலை, நான்கு வயதுப் பெண் குழந்தை. புருஷன் போர்வெல் லாரியில் வடக்கே போனவன். முதலில் பணம் நின்றது, பிறகு போனும் நின்றது. கவுண்டரில் அவளைப் பல வருஷமாகத் தெரியும். மாசம் தவறாமல் நூறு ரூபாய் ஆர்.டி. கட்டுவாள், ரசீதை நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைப்பாள். ஜீவனாம்சம் கேட்டு மனுப் போடலாம், அதற்கு வக்கீல் இலவசம், பெண்கள் என்றால் வருமான வரம்பு கூடக் கிடையாது என்றெல்லாம் விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“சும்மா வர்ற வக்கீலு நமக்காக வாயத் தொறப்பாராம்மா?”

“சும்மா ஒண்ணும் இல்ல செல்வி. அவருக்கு அரசாங்கம் காசு கொடுக்குது” என்றேன்.

பொய் இல்லை. ஆனால் அந்த வாக்கியத்துக்கு என்ன விலை என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

பத்தொன்பது மாதம்

வக்கீலாக ஒரு பையன் நியமிக்கப்பட்டான். பையன் என்று எழுதுவது என் வயதின் உரிமை, முப்பதைத் தொட்டிருப்பான். பழைய டிவிஎஸ் ஃபிப்டியில் கறுப்புக் கோட்டை முன்கூடையில் சுருட்டி வைத்துக்கொண்டு வருவான். நல்ல பையன். சம்மன் மூன்று தடவை திரும்பி வந்தது. முகவரியில் ஆள் இல்லை, கதவு பூட்டியிருக்கிறது என்று திரும்பும் உறைகளின் சங்கதி எனக்கு அத்துப்படி, ஆகவே அதில் யார் மீதும் குறை சொல்ல மாட்டேன். நாலாவது தடவை ஊர்த் திருவிழாவுக்கு வந்த இடத்தில் புருஷன் சிக்கினான். ஒரு நாள் ஆஜரானான், அடுத்த நாள் வரவில்லை. செல்வி ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு ஷிப்டை இழந்து வந்தாள். 2018 ஜூனில் உத்தரவு. மாதம் 4,000 ரூபாய், ஜூலை முதல் ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் அவள் கணக்கில் கட்ட வேண்டும். அன்றைக்குக் கோர்ட் வாசலில் அவள் எனக்கு இரண்டு தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தாள். மாசம் ஆயிரம் ரூபாயைக் குழந்தை பேரில் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் போடலாமா என்று கேட்டாள். நான் விண்ணப்பத்தாளே வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்து அவளை நான் பார்த்தது 2020 ஜனவரி கடைசியில். சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பணம் ஒழுங்காக வருகிறதா என்று, பன் தின்ற பாசத்தில், கேட்டேன். “எங்கம்மா, ஒரு மாசம் கூட வரலையே. கோர்ட்ல சொல்லியாச்சுல்ல, அவங்களே பார்த்துப்பாங்கன்னு இருந்தேன்” என்றாள்.

எனக்குக் கை சில்லிட்டது. அதற்குள் மூன்று வருஷம் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேனே, அவ்வளவு சட்டம் காதில் விழுந்திருந்தது. ஜீவனாம்ச உத்தரவை எவனாவது மதிக்கவில்லை என்றால் வாரண்ட் வாங்கலாம், பாக்கி உள்ள ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை உள்ளே போடலாம். அப்போது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவு, இப்போது அதன் இடத்துக்கு வந்த புதுச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸில் 144. எண்தான் மாறியது. ஆனால் அதற்குள்ளேயே ஒரு கெடு ஒளிந்திருக்கிறது. பணம் எந்தத் தேதியில் தர வேண்டியதோ, அந்தத் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் மனுப் போட்டால்தான் வாரண்ட். தாண்டிய மாதங்கள் வாரண்டுக்குச் சேராது. சந்தையில் நின்றபடியே விரல் விட்டு எண்ணினேன். 2018 ஜூலையிலிருந்து பத்தொன்பது மாதம். அதில் கெடுவுக்குள் இருப்பது பன்னிரண்டு. ஏழு மாதம் போய்விட்டது. 28,000 ரூபாய்.

போய்விட்டது என்பது முழு உண்மையும் இல்லை. கெடு தாண்டியதால் உரிமையே செத்துப்போவதில்லை, வேறு வழியில் கேட்கலாம் என்று 2013இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சட்டம் படித்தவர்கள் இதை எனக்குப் பிறகு விளக்கினார்கள். வேறு வழி என்றால் தனியாக ஒரு சிவில் வழக்கு. அதற்கு மறுபடி சம்மன், மறுபடி வாய்தா, மறுபடி ஷிப்ட். 28,000 ரூபாய்க்காக அந்த வழியில் நடக்கிற மில் தொழிலாளி எவளையும் நான் பார்த்ததில்லை.

யாருடைய வேலை

அன்று சாயங்காலமே வக்கீல் பையனைப் பிடித்தேன். கோர்ட் எதிரே ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றிருந்தான். “ஏன் தம்பி, அந்தப் புள்ளைக்கு வசூல் மனுப் போடலையா?” என்று நான் கேட்ட விதத்தில் கடைக்காரரே திரும்பிப் பார்த்தார்.

அவன் கோபப்படவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. “அம்மா, எனக்கு நியமன உத்தரவு அந்த எம்.சி.க்கு, அந்த ஜீவனாம்ச வழக்குக்கு மட்டும்தான். ஆர்டர் வந்தது, என் ஃபைல் முடிஞ்சது. பணம் வரலைன்னா அவங்க மறுபடி உங்க கமிட்டியில மனுக் கொடுக்கணும், கமிட்டி மறுபடி ஒருத்தரை நியமிக்கணும். அது நானாவும் இருக்கலாம், வேற யாராவதும் இருக்கலாம்.” பிறகு தயங்கிவிட்டு, பைக்குள்ளிருந்து ஒரு பில் நகலை எடுத்துக் காட்டினான். செல்வியின் வழக்குக்கு அவன் வைத்த கட்டணப் பில். உத்தரவு வந்து ஒன்றரை வருஷம் ஆகியும் பணம் வரவில்லை. அதில் இருந்த தொகையை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த மாதம் நாங்கள் ஒரு கிராமத்தில் சட்ட விழிப்புணர்வு முகாம் நடத்தினோம். அதற்குப் போட்ட சாமியானாவும் ஃப்ளெக்ஸ் பேனரும் அதைவிடக் கூட.

பதினோரு வாய்தா அவன் வந்திருக்கிறான். அந்தப் பதினோரு நாளிலும் பக்கத்துக் கோர்ட்டில் பீஸ் கொடுத்த கட்சிக்காரர் காத்திருந்திருப்பார். அரசாங்கம் காசு கொடுக்குது என்று நான் கவுண்டர் குரலில் சொன்னேனே, அந்தக் காசு இதுதான்.

யார் தப்பு என்று பல ராத்திரி யோசித்தேன். பையன் சொன்னது விதிப்படி சரி. செல்வி சட்டம் படித்தவள் இல்லை. கேட்காததாலேயே ஒருவர் தன் உரிமையை விட்டுக்கொடுத்ததாக ஆகாது என்று 1986இல் சுக் தாஸ் வழக்கில் நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பை எங்களுக்குப் பயிற்சி வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். சிறைக்குப் போக நேரக்கூடிய எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, வக்கீல் தருவது பற்றிய தீர்ப்பு அது. கேட்கத் தெரியாத செல்விக்கு அதை யார் கொண்டு சேர்ப்பது? அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவள் நான். நியமனக் கடிதம் போனதும் செல்வியின் விண்ணப்பத்தை அலமாரியில் வைத்துப் பூட்டியதும் நான்தான்.

என் தொழிலில் ஒரு பதிவுத் தபாலுக்கு எண் இருந்தது. இன்றைக்கு எங்கே இருக்கிறது என்று கேட்டால் சொல்ல வேண்டும். அன்றெல்லாம் 3 ரூபாய் கூடக் கொடுத்தால் ஒப்புகை அட்டை, யார் வாங்கினார் என்ற கையெழுத்தோடு திரும்பி வரும். வராவிட்டால் புகார் எழுதுவார்கள், எனக்கு மெமோ வரும். (பதிவுத் தபாலே இப்போது இல்லை, 2025 செப்டம்பரில் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். அது வேறு துக்கம்.) உத்தரவு போய்ச் சேர்ந்ததா, பணம் வந்ததா என்று செல்வியின் வழக்கைப் பின்தொடர எங்கள் அறையில் ஒரு பதிவேடும் இல்லை. வழக்குகளைக் கண்காணிக்க ஒரு குழு வேண்டும் என்று தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 2010ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில் எழுதித்தான் இருக்கிறது. உத்தரவோடு வழக்கு முடிந்தது என்று கணக்கு வைக்கும்போது கண்காணிக்க மிச்சம் என்ன இருக்கும்?

அரைப் பவுன் தோடு

இந்தக் கதையில் எனக்கு விஷயம் விளங்கியது ஒரு தோட்டால். செல்வியோடு அதே மில்லில் வேலை பார்க்கும் இன்னொருத்தி. அவளுக்கும் அதே மாதிரி வழக்கு, கிட்டத்தட்ட அதே காலம். இலவச வக்கீலை நம்பாமல் அரைப் பவுன் தோட்டை அடகு வைத்து, ஊரில் பேர் உள்ள ஒரு வக்கீலைப் பிடித்தாள். எனக்கு அப்போது அவள் மேல் எரிச்சல் கூட வந்தது. கையிலிருக்கும் சலுகையை விட்டுவிட்டு இப்படியா என்று. அந்த வக்கீல் அவள் வழக்கில் நேராக நின்றது இரண்டு தடவைதான். மற்ற நாளெல்லாம் ஜூனியர். உத்தரவும் செல்விக்கு வந்ததை விடக் குறைச்சல், மாதம் 3,500. அவளுக்கும் பணம் வரவில்லை. ஆனால் ஆறாவது மாதமே வசூல் மனு விழுந்துவிட்டது.

எப்படி என்று கேட்டேன். “குமாஸ்தா போன் பண்ணுனாரும்மா” என்றாள்.

குமாஸ்தா ஏன் போன் பண்ணினார்? அடுத்த மனுவுக்கு அடுத்த பீஸ். டைரியைப் புரட்டி, யார் யாருக்கு உத்தரவு வந்து பணம் வராமல் இருக்கிறது என்று பார்த்து, ஒவ்வொருத்திக்கும் போன் போட்டு, “அடுத்த வாரம் ஆயிரத்தைந்நூறு எடுத்துட்டு வாம்மா” என்று சொல்வது அவர் பிழைப்பு. அதில் ஆசை இருக்கலாம். ஆனால் அந்த ஆசைதான் அவளுடைய ஏழு மாதத்தைக் காப்பாற்றியது. செல்வி விஷயத்தில் அவளை ஞாபகம் வைத்துக்கொள்வதால் ஒரு பைசா லாபம் அடைகிற ஆள் இந்த உலகத்தில் ஒருவரும் இல்லை. இலவச வக்கீல் வாதாட மாட்டார் என்று பயந்து செல்வி கேட்டாள். அவர் வாதாடினார், நன்றாகவே வாதாடினார். கேட்டிருக்க வேண்டிய கேள்வி குமாஸ்தா உண்டா என்பது. அதை அவளுக்கும் கேட்கத் தெரியவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

இலவச சட்ட உதவிக்கு அடிப்படையான 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் முகப்பு வாசகத்தில், நலிந்த பிரிவினருக்கு ‘இலவசமான, திறமையான’ சட்டப் பணிகள் என்று இருக்கிறது. இரண்டு சொல். 1995 நவம்பர் 9இல் சட்டம் நடைமுறைக்கு வந்ததால் வருஷா வருஷம் அன்றைக்குச் சட்டப் பணிகள் நாள் கொண்டாடுகிறோம். பேனரில் முதல் சொல் மட்டும் பெரிதாக இருக்கும். முதல் சொல்லுக்குச் செலவு குறைவு. நாட்டில் சட்ட உதவிக்கு ஓராண்டில் தலைக்கு ஆகும் செலவு 6 ரூபாய்ச் சொச்சம் என்று இந்தியா ஜஸ்டிஸ் ரிப்போர்ட் 2025 சொல்கிறது. தபால் உறை ஒன்று 5 ரூபாய். அதே அறிக்கையில், எங்களைப் போன்ற தன்னார்வலர்களின் எண்ணிக்கை 2019க்கும் 2024க்கும் இடையில் நூற்றுக்கு 38 குறைந்துவிட்டது என்றும் படித்தேன். எங்கள் அறையில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். இப்போது இரண்டு.

நிதி கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. கூட்டுகிற நிதி எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். எண்ணிக் காட்டக் கூடிய இடத்துக்குப் போகும். சமரசமாக வழக்கு முடிக்கும் மக்கள் நீதிமன்றம் ஒரே நாளில் லட்சக்கணக்கில் வழக்குகளை முடித்தது என்று மறுநாள் பேப்பரில் வரும். அதில் நிறைய வங்கிக் கடன் பாக்கியும் போக்குவரத்து அபராதமும் என்பது அந்த நாளில் டோக்கன் கொடுத்த எனக்குத் தெரியாதா? மக்கள் நீதிமன்றத்தைக் கேலி செய்யவில்லை. விபத்து இழப்பீட்டுக்கு வருஷக்கணக்கில் அலைந்த குடும்பம் ஒரே மத்தியானத்தில் காசோலையோடு போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒருத்திக்குப் பதினோராவது மாதம் போன் பண்ணி, ‘பணம் வந்துச்சா?’ என்று கேட்டதை எந்த அறிக்கையின் எந்தக் கட்டத்தில் எழுதுவது? அதற்குக் கட்டமே கிடையாது. கட்டம் இல்லாத வேலைக்குக் காசு ஒதுக்க மாட்டார்கள்.

அப்படிச் சொல்லிவிட்டு நானே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2022இல் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு ஒரு புது ஏற்பாடு கொண்டுவந்தது. குற்ற வழக்கில் எதிரிகளுக்கு வாதாடவென்றே மாதச் சம்பளத்தில் முழுநேர வக்கீல்கள், தனி அலுவலகம். வெளி வழக்கு எடுக்கக் கூடாது. 2023-24 முதல் மூன்றாண்டுக்கு ஏறத்தாழ 998 கோடி ரூபாய். அந்த அலுவலகத்துக்கு யார் யார் என்ற பட்டியலைப் பார்த்தபோது ஒரு வரியில் என் கண் நின்றுவிட்டது. அலுவலக உதவியாளர் அல்லது எழுத்தர் என்று இருந்தது. குமாஸ்தா! யாரோ ஒருவருக்கு எங்கேயோ இது புரிந்திருக்கிறது. சிறையில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பங்குப் பேர் இன்னும் தண்டனை பெறாத விசாரணைக் கைதிகளாக இருக்கிற நாட்டில் அங்கே முதலில் காசு போனது நியாயம்தான், அதில் எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் ஜீவனாம்சத்துக்கு நிற்கும் செல்விகள் இன்னும் பழையபடி கமிட்டிப் பட்டியலில் இருக்கும் வக்கீலிடம்தான், ஒரு நியமனத்துக்கு ஒரு ஃபைல் என்ற கணக்கில்தான்.

நோட்டு

2020 ஜனவரி 30ஆம் தேதி செல்வியின் வசூல் மனுவை நானே பக்கத்தில் உட்கார்ந்து எழுத வைத்தேன். அதே பையனையே மறுபடி நியமிக்கச் சொல்லிக் கமிட்டியில் கேட்டு, கிட்டத்தட்டச் சண்டை போட்டு வாங்கினேன். முதல் வாய்தா போட்டார்கள். அதற்குள் கொரோனா. கோர்ட் மூடியது. மார்ச் 23ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் ஒரு உத்தரவு போட்டது: 2020 மார்ச் 15 முதல் வழக்குகளுக்கான எல்லாக் கெடுவும் நிறுத்திவைக்கப்படுகிறது. கோர்ட்டுக்கு வர முடியாதவனின் கெடு ஓடக் கூடாது என்று எவ்வளவு இயல்பாக ஒரே தாளில் சொல்லிவிட்டார்கள். தொற்று வந்தால் எல்லோருக்கும் நிற்கிற கடிகாரம், மில் ஷிப்ட்டில் மாட்டிக்கொண்டவளுக்கு ஒரு நாளும் நிற்காது. டிவியில் அந்தச் செய்தியைப் பார்த்த ராத்திரி நான் சாப்பிடவில்லை.

புருஷன் 2021 கடைசியில் வாரண்டுக்குப் பயந்து வந்தான். பன்னிரண்டு மாத பாக்கி 48,000 ரூபாயைத் தவணை தவணையாக ஐந்து தடவையில் கட்டினான். கடைசித் தவணை வாங்கிய நாள் செல்வி கோர்ட் படியில் உட்கார்ந்து எண்ணிவிட்டு, என்னைப் பார்த்து, “அந்த ஏழு மாசம்?” என்றாள். குற்றம் சாட்டும் குரல் இல்லை. மறந்துபோன சில்லறையைக் கேட்பது போல. நான் செய்த தப்பு அது என்று சொன்னேன். “நீங்க என்னம்மா பண்ணுவீங்க” என்று எழுந்து மில் வேனுக்குப் போய்விட்டாள். அவள் மன்னித்தாளா, அல்லது யாரிடமும் எதையும் எதிர்பார்ப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டாளா என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை. இரண்டாவதுதான் என்று பயம்.

அன்றைக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். அறைக்கு வருகிற ஒவ்வொரு பெண்ணின் பேர், போன் நம்பர், உத்தரவு தேதி, பணம் தர வேண்டிய தேதி. ஒவ்வொரு மாதமும் 6ஆம் தேதி காலையில் காபி குடித்துவிட்டு உட்கார்ந்து வரிசையாகப் போன் போடுவேன். பாதிப் பேர் நம்பர் மாறியிருக்கும். சிலர் புருஷனே எடுப்பான். தபால் ஆபீஸிலிருந்து பேசுகிறேன், ஆர்.டி. விஷயம் என்பேன். இதற்கு மதிப்பூதியம் கிடையாது, ரீசார்ஜ் என் பென்ஷனில். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. எனக்கு அறுபத்தெட்டு வயது. என் முழங்கால் இன்னும் எத்தனை நாளைக்கு அந்த வராண்டாப் படியை ஏறும் என்று தெரியாது, எனக்குப் பிறகு இந்த நோட்டை யாரிடம் கொடுப்பது என்று கமிட்டியில் கேட்டேன். எழுதிக் கொடுங்கள், மேலே அனுப்புகிறோம் என்றார்கள். எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஸ்பீட் போஸ்ட்டில் நகலும் அனுப்பி, டிராக்கிங் எண்ணை நோட்டின் பின் அட்டையில் குறித்து வைத்திருக்கிறேன்.

இப்போது நோட்டில் நாற்பத்தொரு பேர். முதல் பேர் செல்வி. போன மாதம் அவளுக்குப் பணம் வரவில்லை. தேதிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒன்று என்று போட்டிருக்கிறேன்.